ஏகாம்பரத்தின் மூக்கும் பாய் கடைத் தேயிலையும்

எங்கள் தொழிற்சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுவதற்கு முன்னால் நான் வேலை செய்த ஷெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கம்பெனி இப்போது எல்லோருக்கும் மூக்கில் கட்டிக்கொள்ள முகமூடி கொடுக்கிறது. வேலை செய்துகொண்டிருந்த இளவட்டங்களில் பாதிப் பேர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அரிக்குது நைனா" என்கிறார்கள். அரிக்கட்டும். அதைப் பார்த்த பிறகு எழுதுவதற்கு எனக்கு ஒரே விஷயம்தான் இருக்கிறது. மலரில் போட இனிப்பாக இல்லையென்றால் போடாமல் விடுங்கள்.

திருவொற்றியூரில் தோல் பதனிடும் பட்டறைகளுக்கு வேண்டிய ரசாயன உப்பு செய்கிற தொழிற்சாலை அது. பெயரை எழுதவில்லை. எழுதினால் சங்கத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். வெள்ளைக்காரன் போன கையோடு நான் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. ஒருவன் மண்வெட்டியைக் கையில் திணித்தான், அவ்வளவுதான். கருங்கல் மாதிரி வருகிற தாதுவை மாவாக அரைத்து, சோடாவும் சுண்ணாம்பும் கலந்து, உலையில் வறுக்க வேண்டும். வறுத்ததைச் சூடாகவே வாரித் தொட்டியில் ஊறப்போட வேண்டும். தண்ணீர் மஞ்சளாக இறங்கும். அதில் அமிலம் விட்டுக் காய்ச்சி ஆறவைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கற்கண்டு மாதிரி உப்பு நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் ஆவியும் தூசியும் மூக்குக்குள் போய் உட்கார்ந்து சதையைத் தின்னும்.

முதலில் தும்மல். பிறகு ரத்தம். காலையில் எழுந்தால் மூக்கு முழுக்கப் பொறுக்கு. அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவோம். ஒருநாள் வலி நின்றுவிடும். நின்றுவிட்டது என்றால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கிற தடுப்பு ஓட்டையாகிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கம் துடைப்பக் குச்சியை விட்டால் அந்தப் பக்கம் வரும். எங்கள் ஷெட்டில் இதற்கு 'மூக்குத்தி' என்று பெயர். புதிதாக வந்தவனைச் சுற்றி நின்று, "இன்னாபா, மூக்குத்தி போட்டுக்கினியா, இன்னும் இல்லியா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். போட்டுக்கொண்டவன் டீ வாங்கித் தர வேண்டும். அப்படி ஒரு வழக்கம். எனக்கும் மூக்குத்தி உண்டு. நானும் டீ வாங்கித் தந்தேன். நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

ஏகாம்பரம் என்னோடு தொட்டியில் வேலை செய்தவன். அதற்கு முன்னால் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற கூலி. கப்பலுக்குப் போகிற பெட்டி சில நேரம் உடையும். உடைந்த பெட்டியிலிருந்து கொட்டுகிற இலையை மோந்து மோந்து அவனுக்கு ஒரு பித்து பிடித்துவிட்டது. துறைமுகத்தில் வேலை சரியாகக் கிடைக்காமல் எங்கள் கம்பெனிக்கு வந்தும் பித்து போகவில்லை. நாங்கள் எல்லோரும் கடைத் தூளைப் பாலில் கொதிக்கவிட்டு வெல்லம் போட்டுக் குடிக்கிறவர்கள். அவன் இலைத் தேயிலை வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, பால் ஊற்றாமல் குடிப்பான்.

"இன்னா ஏகாம்பரம், பாலுக்கு வக்கில்லியா?" என்பான் மணி. அவன் உலையில் வேலை செய்தவன். வாயாடி.

"உனுக்கு நாக்கு கீதா, இல்ல செருப்பு வார அறுத்து ஒட்டிக்கினு வந்தியா?" என்பான் இவன்.

சம்பளம் வாங்கிய சனிக்கிழமை மத்தியானம் ராயபுரத்துக்குப் போவான். துணைக்கு நானும் போவேன். கிளம்புவதற்கு முன்னால் கையைச் சுண்ணாம்பும் மணலும் போட்டுத் தேய்ப்பான். கை மஞ்சள் சுலபத்தில் போகாது. தோல் உரியும் வரைக்கும் தேய்ப்பான். "பாய் பெட்டிக்குள்ள கைய வைக்கணும்பா. இந்த நாத்தத்தோட வச்சா இலை கெட்டுப்பூடும்" என்பான்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் காதர் பாயின் கடை. தேயிலையைத் தவிர வேறு எதுவும் அங்கே கிடையாது. சோப்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எதையும் பக்கத்தில் சேர்க்கமாட்டார். மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும், உள்ளே ஈயத் தகடு. நீலகிரி இலை, மூணாறு இலை, அஸ்ஸாம் குருணை, கடைசியில் ஏழைகளுக்குத் தூள். பாய் ஒரு பெட்டியைத் திறந்தால் உடனே மூடிவிடுவார். வாசம் காற்றில் போவது அவருக்குக் காசு போகிற மாதிரி.

அங்கே சரக்குப் பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. வாங்குகிறவன் தன் கையாலேயே ஒரு பிடி எடுக்க வேண்டும். மூடிய முஷ்டிக்குள் வாயை வைத்து, வயிற்றிலிருந்து சூடாக ஒரு மூச்சு விட வேண்டும். மூச்சின் ஈரம் பட்டதும் காய்ந்த இலை விழித்துக்கொள்ளும். அப்போது மூக்கை வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பாய் ஒரு சிட்டிகையை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றுவார். நிறம் இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டு யாரும் பேசமாட்டோம். முதல் முறை போனபோது எனக்கு எல்லாம் ஒரே வாசனையாகத்தான் இருந்தது. ஏகாம்பரம் என் முஷ்டியைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாத. மொதல்ல புதுப் பாயி வாசன வரும், அத்த வுட்டுடு. அதுக்குப் பின்னால லேசா வெல்லப்பாகு தீஞ்சாப்புல ஒண்ணு வருது பாரு. வந்துச்சா?" என்றான். வந்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே மறைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க அமில நெடியில் கிடந்தவனுக்கு அந்தச் சந்து ஒரு வேறு ஊர்.

பாய் அவனை மதித்தார். புதுப் பெட்டி வந்தால், "ஏகாம்பரம் வரட்டும், மூக்கு வச்சுச் சொல்லட்டும்" என்று உடைக்காமல் வைத்திருப்பார். கோட்டுப் போட்ட வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "நீ சொல்லுய்யா" என்று இவனிடம் பிடியை நீட்டுவார். ஷெட்டில் அவனை 'டேய் தொட்டி' என்று கூப்பிட்டார்கள். உலகத்தில் அவனுடைய பேச்சுக்கு நாலு பேர் காத்திருந்த இடம் அந்தக் கடை ஒன்றுதான்.

மூக்குத்தி போட்ட எல்லோருக்கும் வாசனை போய்விடாது. எனக்குப் போகவில்லை. அவனுக்குப் போய்விட்டது. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவன் சொல்லவில்லை. சனிக்கிழமை கடைக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. முன்னைப் போலவே கையைத் தேய்த்துக்கொண்டு வருவான், பிடி எடுப்பான், மூச்சு விடுவான், மூக்கை வைப்பான், தலையை ஆட்டுவான். இலையின் முறுக்கை விரலால் உருட்டிப் பார்ப்பான். காதுக்குப் பக்கத்தில் நொறுக்கிப் பார்ப்பான். கிண்ணத்தில் நிறம் பார்ப்பான். அதை வைத்தே சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை பாய் புதுப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் எனக்கு மூக்கைக் குத்தியது. பெருங்காயம். வரும் வழியில் எங்கோ பெருங்காய மூட்டையோடு அடுக்கியிருக்கிறார்கள், இலை முழுக்க ஏறிவிட்டது. பாய் முகம் சுருங்கிப்போனது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஏகாம்பரம் பிடி எடுத்துவிட்டான். மூச்சு விட்டான். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மோந்தான்.

"ஜோராக் கீது பாய். மலை வாசம் அப்படியே நிக்குது" என்றான்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஒரு ஆள் சிரிக்க வாயெடுத்தான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு அடங்கிவிட்டது.

"நீ சொன்னா சரிய்யா" என்று சொல்லிப் பெட்டியை மூடினார். அதிலிருந்து நிறுக்காமல், "இன்னிக்கு உனக்குப் பழைய நீலகிரியே தர்றேன், கொஞ்சம்தான் மிச்சம்" என்று வேறு பெட்டியிலிருந்து கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் வாராவாரம், "நீ சொல்லுய்யா" என்று பிடியை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். நானும் ஏகாம்பரத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுஷன் கட்டியிருக்கிற துணியைப் பிடுங்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசில்லை.

மழைக்காலம் வந்ததும் அவனுக்கு நெஞ்சு கெட்டது. இருமினால் மஞ்சளாகவும் சிவப்பாகவும் வந்தது. அப்போதுதான் என்னிடம் வந்தான். நான் ஷெட்டுக்குச் சங்கப் பிரதிநிதி.

"எனுக்கு வாசன தெர்ல. ரொம்ப நாளாவே தெர்ல. என்னைத் தொட்டிய வுட்டு எடுத்துடச் சொல்லு. கோணி மடிக்கிற எடத்துலயாவது போடச் சொல்லு. இங்கயே கெடந்தா நான் அடுத்த ஆடி பாக்கமாட்டேன்."

கம்பெனிக்கும் சங்கத்துக்கும் அப்போது ஓர் ஒப்பந்தம் இருந்தது. வாசனை அடியோடு போனவனை ஷெட்டைவிட்டு மாற்ற வேண்டும். ஓட்டை மட்டும் போதாது. ஓட்டை கணக்கென்றால் மறுநாளே ஷெட் காலியாகிவிடும் என்று கம்பெனிக்குத் தெரியும். வாசனை போனதை எப்படி நிரூபிப்பது என்று அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. முடிவு சொல்வது லேபர் ஆபீசர்.

அந்த லேபர் ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் திட்டியதில்லை. கை ஓங்கியதில்லை. ஷெட் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் இல்லை. வாசலில் நின்று வாசனைத் தைலம் போட்ட கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசுவார். மேஸ்திரிகள் எங்களை 'டேய்' என்பார்கள், அவர் 'வாங்க, போங்க' என்பார். பெண்டாட்டி பிள்ளைகளைப் பெயர் சொல்லி விசாரிப்பார். விசாரித்து முடித்துவிட்டு மாட்டேன் என்பார். மேஸ்திரி அடித்தால் திருப்பி அடிக்கலாம். இந்த மனுஷன் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கழுத்தை அறுத்தார். கத்தியில் எண்ணெய் தடவியிருந்ததால் வலி வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

"உட்காருங்க ஏகாம்பரம். நாகம்மா சௌக்கியமா?" என்று, நாங்கள் அவர் அறைக்குள் போனதும், அவன் பெண்டாட்டியை விசாரித்து ஆரம்பித்தார். நான் ஒப்பந்தத்தைச் சொன்னேன். இருமலைச் சொன்னேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ராயபுரத்துல காதர் பாய் கடையிலதான் நானும் டீ வாங்கறேன். போன மாசம் பாய் சொன்னார், உங்க கம்பெனியில ஏகாம்பரம்னு ஒருத்தர், என்ன மூக்கு சார், மெட்ராஸ்லயே அப்படி மூக்கு கிடையாதுன்னு. அந்த ஏகாம்பரம் வேற யாராவதா?"

ஏகாம்பரத்தின் முகத்தில் ரத்தம் செத்துப்போனது.

பாயைக் கேளுங்கள் என்று நான் கத்தினேன். "கேட்டுடலாமே" என்று ஆபீசர் ஆள் அனுப்பினார். அவசரமே இல்லை அவருக்கு. பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். மேஜைமேல் இரண்டு பொட்டலம் பிரித்து வைத்திருந்தது. ஆபீசர் தன் வீட்டுத் தேயிலையைக் கொண்டுவரச் செய்திருந்தார்.

"ஏகாம்பரம், கொஞ்சம் மோந்து பாத்து எது எந்த ஊர்னு சொல்லுங்க."

ஏகாம்பரம் இரண்டையும் எடுத்தான். விரலுக்கு எது நீலகிரி எது அஸ்ஸாம் என்று தெரிந்திருக்கும். எனக்கே பார்த்தால் தெரிந்தது. "தெர்ல சார்" என்று கீழே வைத்தான்.

"தெரியலன்னு சொல்றதுக்கு மூக்கு வேண்டியதில்லையே" என்று ஆபீசர் சிரித்தார். சரியாகச் சொன்னால் மூக்கு இருக்கிறது. தப்பாகச் சொன்னால் நடிக்கிறான். இப்படி ஒரு பரீட்சையை அதற்குப் பிறகு நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பாய்க்கு விஷயம் அப்போதுதான் புரிந்தது. முன்னால் வந்தார்.

"சார், இவருக்கு வாசம் தெரியாது. பெருங்காயம் ஏறின பெட்டிய மோந்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னாரு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

ஏகாம்பரம் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. ஆபீசரை அவன் அப்படிப் பார்க்கவில்லை. பாயைத்தான் பார்த்தான்.

"அப்புறம் ஏன் எங்கிட்ட அப்படிப் புகழ்ந்தீங்க?" என்றார் ஆபீசர்.

"மனுஷன் மானத்துக்குச் சொன்னேன் சார். எங்கிட்ட வர்றவரு. நாலு பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

"ஆக, தெரிஞ்சவருக்காகப் பொய் சொல்லுவீங்க."

பாய் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆபீசரே தொடர்ந்தார்.

"அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? அன்னிக்கு உங்களை யாரும் கூப்பிட்டு விடல. இன்னிக்குத்தான் கூப்பிட்டிருக்கோம். அன்னிக்கு நீங்க சொன்னதை எடுத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க." மனு தள்ளுபடி. எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வெளியில் வந்ததும் பாய், "ஏகாம்பரம், மன்னிச்சுக்கய்யா" என்று அவன் கையைப் பிடித்தார்.

"நீ இன்னா பண்ணுவ பாய்" என்று கையை மெதுவாக உருவிக்கொண்டான். பிறகு என்னிடம், "உனுக்கும் தெரியுமா?" என்றான். தெரியும் என்றேன். "ரெண்டு பேரும் சேந்து நல்லா டிராமா காட்டிக்கினு இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு ஷெட்டுக்குள் போனான். அதற்குப் பிறகு அவன் ராயபுரம் பக்கம் போகவில்லை. தெருமுனைப் பெட்டிக்கடையில் பொட்டலத் தூள் வாங்கி, பால் ஊற்றி, எங்களை மாதிரியே குடித்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். இப்படி நூறு பேர் ஷெட்டில் செத்தார்கள்.

அப்போது மதுவிலக்கு. குடிக்கிறவன் குடித்துக்கொண்டுதான் இருந்தான். எங்களில் பலருக்குத் தொண்டை எரிச்சல் அடங்கக் கள்ளச் சாராயம் இல்லாமல் முடியாது. அது கிடைக்காதபோது வார்னிஷைக்கூடக் குடித்தார்கள். குடித்துவிட்டு உலைமேல் ஏறக்கூடாது என்று கேட்டில் ஒரு வாட்ச்மேன் நின்று உள்ளே வருகிற ஒவ்வொருவனையும் 'ஊது' என்பான். முகத்துக்கு நேராக ஊதிக் காட்ட வேண்டும். அந்த வாட்ச்மேன் ஆட்களோடு சேர்ந்து குடித்து மாட்டிக்கொண்டான். ஆபீசர் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார்.

"இடம் மாத்திக் கேட்டீங்களே. கேட்டுக்கு வாங்க. நல்ல காத்து. உங்க மூக்கு அங்கதான் எங்களுக்கு உபயோகம்."

அவர் இதைக் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் அவருக்கு ஒன்றுதான். நான் ஏகாம்பரத்திடம் சண்டை போட்டேன். "டேய், அங்க மூக்குதாண்டா வேலையே! வேணாம்னு சொல்லு."

"வேணாம்னா திரும்பத் தொட்டி. என் நெஞ்சு தாங்காது. கண்ணு கீதுல்ல? தள்ளாடுறவன நிறுத்திட்டாப் போவுது."

உப்பு மூக்கைவிட்டு விலகியதும் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. இருமலில் சிவப்பு குறைந்தது. நாகம்மா என்னைப் பார்த்தால் கும்பிட ஆரம்பித்தாள். அவன் கண்ணை வைத்தே வேலையைச் சமாளித்தான். நடையைப் பார்ப்பான், கண் சிவப்பைப் பார்ப்பான், வெற்றிலை அதிகமாக மென்றிருந்தால் சந்தேகப்படுவான். ஆட்களும் சும்மா ஊதினார்கள், இவனும் சும்மா மூக்கைக் காட்டினான்.

மணியிடம் மட்டும் இது பலிக்கவில்லை. மணி எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவன். ஒரு நாள் காலை நெட்டுக்குத்தாக நடந்து வந்து, "இந்தா மாமு, நீலகிரியா அஸ்ஸாமா சொல்லு" என்று கிண்டலடித்து ஊதிக்காட்டிவிட்டு உள்ளே போனான். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் நெடி அடித்திருக்கிறது. ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டான். அன்று மணி உலைமேடையிலிருந்து வறுத்த சரக்கைத் தள்ளும்போது சறுக்கிக் கொதிக்கிற தொட்டிக்குள் விழுந்தான். கம்பு போட்டு நாங்கள்தான் எடுத்தோம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது உயிர் இருந்தது. பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. மேடைக்குக் கைப்பிடிக் கம்பி இல்லை. அதை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரித்தது ஏகாம்பரத்தை. அதே அறை, அதே நாற்காலி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாசனை தெரியாதவனை அந்த வேலையில் வைத்தது யார் குற்றம் என்று கேட்க வாயைத் திறந்தேன். ஆபீசர் பழைய காகிதத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். மூக்கு நன்றாக இருக்கிறது என்று அவரே எழுதியது. அதில் என் கையெழுத்தும் இருந்தது, விசாரணையில் ஆஜரானதற்காக.

"சொல்லுங்க ஏகாம்பரம். மணி குடிச்சிருந்தது உங்களுக்குத் தெரிஞ்சுதா, இல்லையா? தெரியலன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை ஏற்கெனவே பாத்தாச்சு."

ஏகாம்பரம் மேஜைமேல் இருந்த அந்தக் காகிதத்தைப் பார்த்தான். மூச்சை உள்ளே இழுத்தான். விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூக்குத்தி பெரிதானவர்களுக்கு அப்படித்தான் வரும்.

"தெரிஞ்சுது சார். சாராய நெடி நல்லா வந்துச்சு. தோஸ்தாச்சேன்னு நான்தான் வுட்டுட்டேன்."

நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "டேய், இன்னாடா சொல்ற?"

"வுடுப்பா. நெஜத்த ரெண்டு தபா சொல்லிட்டனே" என்றான்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். அந்தக் கம்பெனியில் ஏகாம்பரம் சொன்னதில் அவர்கள் மறு கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டது அந்த ஒரு பேச்சைத்தான். அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார்கள்.